பாதாமியிலிருந்து ஹம்பி வரை: கையைக் கடிக்காத ஒரு பயணத்துக்கு முழு வழிகாட்டி

பாதாமிக் குகைகளுக்கு ₹25. ஐஹொளே துர்கா கோயில் வளாகத்துக்கு ₹25. பட்டடக்கல்லுக்கு ₹40. ஹம்பிக்கு ₹40. ஆக மொத்தம் ஒருவருக்கு ₹130. 6ஆம் நூற்றாண்டில் சாளுக்கியர் குடைந்த குகையிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரம் எழுப்பிய கல்தேர் வரை, கிட்டத்தட்ட ஆயிரம் வருடக் கட்டடக்கலையைப் பார்க்க வாசலில் கொடுக்கவேண்டிய பணம் இவ்வளவுதான். ஆன்லைனில் எடுத்தால் ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஐந்து ரூபாய் குறையும். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம்.

அப்படியானால் வட கர்நாடகப் பயணத்துக்குப் பலருக்கும் ஏன் அவ்வளவு செலவாகிறது? பணம் கரைவதெல்லாம் இரண்டு இடங்களுக்கு நடுவே. வரிசை தெரியாமல் போய், ஒரே சாலையில் இரண்டு முறை டாக்ஸி எடுத்து, வந்த ஊருக்கே திரும்பி ரயில் ஏறி, நீண்ட வார இறுதியில் இருமடங்கு அறை வாடகை கொடுத்துத்தான் பட்ஜெட் உடைகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் சலுகைகளைவிட வரிசைக்குத்தான் முக்கியத்துவம் கொடுத்திருக்கிறேன். வரிசை சரியாக அமைந்துவிட்டால் செலவில் பாதிப் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும்.

எந்த ஊர் முதலில்?

பெரும்பாலானவர்கள் ஹம்பிக்குப் போய்விட்டு, நேரம் மிஞ்சினால் பாதாமி என்று திட்டம் போடுகிறார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன்: பாதாமி முதலில், ஹம்பி கடைசியில்.

முதல் காரணம் கண்ணுக்கானது. ஹம்பியின் பிரம்மாண்டத்தைப் பார்த்துவிட்டு ஐஹொளேயின் சிறிய கோயில்களுக்குப் போனால் அவை ஏனோதானோவென்று தெரியும். ஆனால் கோயிலை எப்படிக் கட்டுவது என்று சிற்பிகள் பரிசோதனை செய்து பார்த்த ஊர் ஐஹொளே. அங்கே தொடங்கினால், பட்டடக்கல்லில் அந்தச் சோதனைகள் என்னவாக முதிர்ந்தன என்பது புரியும். பிறகு ஹம்பிக்குப் போகும்போது, எண்ணூறு ஆண்டுகள் கழித்து அதே கற்கலை எங்கே போய் நின்றது என்பதையும் பார்க்கலாம்.

இரண்டாவது காரணம் ரயில். பெங்களூரு வழியாக ஓடும் கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸ் ராத்திரி முழுக்க ஓடி காலையில் பாதாமியில் இறக்கிவிடும். திரும்பும்போது ஹம்பிக்குப் பக்கத்திலுள்ள ஹொசப்பேட்டையில் (பழைய பெயர் ஹோஸ்பேட்) இரவு ஹம்பி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் பெங்களூரு. ஒரு ஊரில் இறங்கி வேறொரு ஊரில் ஏறுவதால் வந்த வழியே திரும்பும் செலவு கிடையாது. இரண்டு இரவுகள் ரயிலிலேயே கழிவதால் இரண்டு நாள் அறை வாடகையும் மிச்சம். சென்னைக்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. மும்பை மார்க்கத்து ரயிலில் குந்தக்கல்வரை போய், அங்கிருந்து ஹொசப்பேட்டைக்கு வேறு ரயில் பிடிக்கலாம். ஹம்பி மட்டும் போதும் என்பவர்களுக்கு அது சுருக்கமான பாதை.

இப்போது ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னால்தான் திறக்கிறது. தேதியை முடிவு செய்ததும் முதலில் திரும்பும் டிக்கெட்டைப் பாருங்கள். ஹம்பியிலிருந்து ஞாயிறு இரவு பெங்களூருக்குத் திரும்பும் கூட்டம் அதிகம் என்பதால், அதில் இடம் கிடைக்கும் நாளைப் பொறுத்து மற்ற நாட்களை நகர்த்துவது சுலபம். முடிந்தால் ஞாயிறு கிளம்பி, வார நாட்களில் சுற்றி, வெள்ளி இரவு திரும்புவதுபோல அமைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும்படி இருக்கும். மார்ச் முடிவிலிருந்து மே வரை வேண்டாம். 40 டிகிரியைத் தொடும் வெயிலில் பாறைகள் நாள் முழுக்கச் சூட்டை வாங்கி ராத்திரியில் திருப்பித் தரும். மலிவு என்று நம்பி ஏப்ரலில் போனால் நாளில் நான்கு மணி நேரம்கூட வெளியே நிற்க முடியாது. ஏசி அறைக்கும் கார் வாடகைக்கும் கொடுத்தே மிச்சம் பிடித்தது போய்விடும்.

நல்ல மாதங்களிலும் சில நாட்களைத் தவிர்க்கவேண்டும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, சங்கராந்தி விடுமுறை, அப்புறம் ஹம்பி உற்சவம். கர்நாடக அரசு நடத்தும் இந்த விழாவின் தேதி வருடத்துக்கு வருடம் மாறும். அது நடக்கும் நாட்களில் ஹொசப்பேட்டைவரை அறை கிடைக்காது. விழாவுக்காகவே போகிறீர்கள் என்றால் சரி, அது தனி அனுபவம். கோயில்களை நிதானமாகப் பார்க்கவேண்டும் என்றால் தேதியைச் சரிபார்த்துவிட்டு ரயில் டிக்கெட் எடுங்கள்.

ஆகஸ்ட், செப்டம்பரை யாரும் பரிந்துரைப்பதில்லை. எனக்குப் பிடித்த மாதங்கள் அவை. வறண்ட பகுதி என்பதால் மழை விட்டு விட்டுத்தான் பெய்யும். பாறைகளுக்கு நடுவே வயல்கள் பச்சையாக இருக்கும், அறைகளும் மலிவு. ஒரே குறை, துங்கபத்ரா அணையைத் திறந்துவிட்டால் ஹம்பியில் பரிசல் ஓடாது, கரையோரப் பாதைகளிலும் தண்ணீர் ஏறிவிடும்.

பாதாமி: இரண்டு இரவுகள்

ரயில் நிலையம் ஊரிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர். வெளியே ஷேர் ஆட்டோ நிற்கும். பேருந்து நிலையத்தைச் சுற்றிச் சாதாரண லாட்ஜுகள் இருக்கின்றன. அங்கேயே தங்குவது நல்லது. குகைகள், ஏரி, கோட்டை எல்லாம் நடக்கும் தூரம், மறுநாள் வெளியூர் பஸ்ஸும் கையெட்டும் தொலைவில். அரசு நடத்தும் மயூரா சாளுக்யா விடுதி கொஞ்சம் அமைதியானது. குடும்பத்தோடு போகிறவர்கள் அதையும் பார்க்கலாம்.

வாதாபி என்ற பெயர் தமிழர்களுக்குப் புதிதல்ல. அகத்தியர் ஜீரணித்த அசுரனின் பெயர், திருவாரூரில் இருக்கும் கணபதியின் பெயர், பரஞ்சோதி படை நடத்திப் போன ஊரின் பெயர். 642இல் மாமல்லன் நரசிம்மவர்மன் இந்த ஊரைப் பிடித்தான். அவனுடைய கல்வெட்டு ஒன்று இங்கே பாறையில் இருக்கிறது. ஏரிக்கும் அகத்திய தீர்த்தம் என்றுதான் பெயர். இந்த நினைவுகளோடு அந்தச் செம்பாறைகளுக்கு நடுவே நிற்கும்போது சுற்றுலாப் பயணி என்ற எண்ணமே கொஞ்சம் விலகிவிடுகிறது.

வந்து இறங்கிய நாளில் காலையிலேயே குகைக்கு ஓடவேண்டாம். அறையில் பையை வைத்துவிட்டு வடக்குக் குன்றிலுள்ள கோட்டைக்கு ஏறுங்கள். பாறைப் பிளவுகளுக்குள் படிகள் போகும். மேலே மேல் சிவாலயம், சற்றுத் தள்ளி மாலெகித்தி சிவாலயம். வெயில் ஏறுவதற்குள் இறங்கி, அடிவாரத்து அருங்காட்சியகத்தைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை அது திறக்காது.

குகைகளை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாயும் வெயிலில் அந்த மணற்கல்லின் சிவப்பு வேறு மாதிரி ஆகிவிடும். முதல் குகையின் வாசலிலேயே பதினெட்டுக் கை நடராஜர். இரண்டாவதும் மூன்றாவதும் திருமாலுக்கு, நான்காவது சமணருக்கு. நேரம் குறைவாக இருந்தால் மூன்றாவதில் நில்லுங்கள். அங்குள்ள சாளுக்கிய இளவரசன் மங்களேசனின் கல்வெட்டு 578ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதனால் இந்தக் குகை எப்போது குடையப்பட்டது என்பதில் சந்தேகமே இல்லை. அப்புறம் ஏரியைச் சுற்றி நடந்து கிழக்குக் கரையிலுள்ள பூதநாதர் கோயிலுக்குப் போகலாம். குரங்குகளிடம் ஜாக்கிரதை: கையில் சாப்பாட்டுப் பொட்டலமோ பிளாஸ்டிக் பையோ இருந்தால் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

சாப்பாட்டுக்குக் கானாவளி என்று பெயர்ப்பலகை உள்ள கடைகளைத் தேடுங்கள். சோள ரொட்டி, எண்ணெய்க் கத்திரிக்காய், முளைகட்டிய பயறு, வேர்க்கடலைப் பொடி, தயிர். வயிறு நிறையும், விலையும் குறைவு. சுற்றுலாப் பயணிகளுக்கான உணவகத்தில் வட இந்தியச் சாப்பாடு சாப்பிடுவதைவிட இது எல்லா வகையிலும் மேல். ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள பனசங்கரி கோயிலுக்குப் போனால், பெண்கள் கூடையில் ரொட்டியும் கூட்டும் கொண்டுவந்து குளக்கரையில் பரிமாறுவார்கள்.

ஐஹொளே, பட்டடக்கல்: இந்த ஒரு நாளைக் கவனமாகத் திட்டமிடுங்கள்

இந்தப் பயணத்திலேயே வண்டிக்குப் பணம் கொடுக்கவேண்டிய நாள் என்றால் இதுதான். பாதாமியிலிருந்து பட்டடக்கல் 22 கிலோமீட்டர், அங்கிருந்து ஐஹொளே இன்னும் பதின்மூன்று பதினான்கு. பாதாமியிலிருந்து பஸ் இருக்கிறது. ஆனால் இரண்டு ஊர்களுக்கும் நடுவே நினைத்த நேரத்தில் பஸ் கிடைக்காது. காத்திருப்பதிலேயே அரை நாள் போய்விடும்.

நான்கு பேர் சேர்ந்தால் ஒரு நாளுக்கு ஆட்டோ பேசிவிடுவது உத்தமம். முந்தின நாள் மாலையே பேருந்து நிலையத்தில் இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள். மூன்று இடங்களின் பெயரையும் காத்திருக்கும் நேரத்தையும் தெளிவாகச் சொல்லி, மொத்தத் தொகையாகப் பேசுங்கள். தனியாகப் போகிறவர்கள் லாட்ஜில் தங்கியிருக்கும் மற்றவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். எல்லோரும் அதே இடங்களுக்குத்தான் போகப்போகிறார்கள், சேர்ந்து போக யாரும் தயங்குவதில்லை. யாரும் கிடைக்காவிட்டால் ஐஹொளேயை விட்டுவிட்டு பஸ்ஸில் பட்டடக்கல் மட்டும் போய் வாருங்கள்.

வரிசை: முதலில் தூரத்து ஐஹொளே, பிறகு பட்டடக்கல், திரும்பும் வழியில் மகாகூடா.

ஐஹொளேயில் நூற்றுக்கும் மேற்பட்ட கோயில்கள். அத்தனையையும் பார்க்க முயலவேண்டாம். பின்புறம் வளைந்த துர்கா கோயில், அதே வளாகத்திலுள்ள லாட்கான் கோயில், சற்றுத் தள்ளி ராவணப்பாடிக் குகை, குன்றின்மேல் மேகுட்டி சமணக் கோயில். மேகுட்டியில் உள்ள கல்வெட்டு 634ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இரண்டாம் புலிகேசியின் வெற்றிகளை அவன் அவைப்புலவர் ரவிகீர்த்தி பாடிய அந்தக் கல்வெட்டில் காளிதாசன் பெயரும் இன்னொரு வடமொழிக் கவியான பாரவியின் பெயரும் வருகின்றன. காளிதாசன் எந்தக் காலத்தவர் என்று ஆராய்பவர்கள் இன்றும் இந்தக் கல்லிடம்தான் வருகிறார்கள். குன்றேற டிக்கெட் கிடையாது.

பட்டடக்கல் 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வடநாட்டு வளைகோபுரமும் தென்னாட்டு அடுக்கு விமானமும் ஒரே புல்வெளியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. இங்குள்ள விருபாட்சர் கோயிலுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் கொடுங்கள். சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தபோது கைலாசநாதர் கோயிலைக் கொள்ளையடிக்கவில்லை. அதன் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாக அங்கே கன்னடத்தில் கல்வெட்டும் வைத்தான். அந்த வெற்றியின் நினைவாக அவன் பட்டத்தரசி லோகமகாதேவி எழுப்பியது இந்த விருபாட்சர் கோயில். காஞ்சி கைலாசநாதரின் சாயல் இதில் நன்றாகத் தெரியும். அதனால், இன்னும் பார்க்காதவர்கள் கிளம்புவதற்கு முன் ஒரு நாள் காஞ்சிபுரம் போய்வந்துவிடுங்கள். இந்தப் பயணத்துக்கு அதைவிட நல்ல முன்தயாரிப்பு எனக்குத் தெரியவில்லை.

வழிகாட்டி ஒருவரை அமர்த்தப் பட்ஜெட்டில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் இடம் இருக்கிறது என்றால், அதைப் பட்டடக்கல்லில் செலவழியுங்கள். தூண்களில் ராமாயணமும் மகாபாரதமும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. சொல்லிக்காட்ட ஆள் இல்லாமல் பாதி நமக்குப் பிடிபடாது.

மகாகூடாவில் ஊற்றுநீர்க் குளம் ஒன்று உண்டு. அதைச் சுற்றி ஆலமர நிழலில் கோயில்கள். வெயிலில் சுற்றிய பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம்.

ஹொசப்பேட்டைக்கு எப்படி?

பாதாமியிலிருந்து கதக் சுமார் 70 கிலோமீட்டர். பஸ்ஸோ ரயிலோ கிடைக்கும். கதக்கிலிருந்து ஹொசப்பேட்டைக்கும் அப்படியே. டாக்ஸி எடுத்தால் மொத்தப் பயணத்திலும் பெரிய செலவு இதுவாகத்தான் இருக்கும், அவசியமே இல்லை. காலையில் சீக்கிரம் கிளம்பினால் கதக்கைத் தாண்டி லக்குண்டியில் இறங்கி, காசிவிசுவேசுவரர் கோயிலையும் 1007இல் அத்திமப்பே என்ற பெண்மணி கட்டுவித்த சமணக் கோயிலையும் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் தொடரலாம். பை கனமாக இருந்தால் வேண்டாம்.

பஸ் பலகைகள் கன்னடத்தில் மட்டுமே இருக்கும். போகவேண்டிய ஊர்களின் பெயர்களைக் கன்னட எழுத்தில் போனில் சேமித்துவைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு இலவசப் பயணம் என்ற திட்டம் கர்நாடகத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும். நாம் டிக்கெட் எடுக்கவேண்டும்.

ஹம்பியில் எங்கே தங்குவது?

மூன்று தெரிவுகள். ஹம்பி கிராமத்துக்குள் விருபாட்சர் கோயிலுக்குப் பக்கத்தில் வீடுகளோடு சேர்ந்த சிறிய தங்கும் விடுதிகள் இருக்கின்றன. அறை எளிமையாகத்தான் இருக்கும், ஆனால் விடியலிலும் மாலையிலும் நடந்தே எல்லாம் பார்த்துவிடலாம். 13 கிலோமீட்டர் தள்ளி ஹொசப்பேட்டையில் வசதியான ஓட்டல்கள், அடிக்கடி பஸ். ஆனால் தினமும் போகவர இரண்டு மணி நேரம் போய்விடும். கமலாபுராவில் அரசு விடுதி மயூரா புவனேஸ்வரி. வயதானவர்கள் உடன் வந்தால் இதுதான் சௌகரியம்.

என் தேர்வு ஹம்பி கிராமம். ஹம்பியின் சிறந்த நேரங்கள் காலை ஆறு முதல் ஒன்பது வரையும் மாலை நான்குக்கு மேலும்தான். அந்த நேரத்தில் பஸ்ஸில் இருந்தால் என்ன லாபம்? கிராமத்துக்குள் அசைவமும் மதுவும் கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கத்தையும் ஹொசப்பேட்டையிலேயே எடுத்துக்கொண்டு வாருங்கள்.

பழைய பயணக் குறிப்புகளில் ஆற்றின் அக்கரையிலுள்ள விருபாபுர கட்டே என்ற இடத்தில் மலிவு குடில்கள் இருப்பதாகப் படித்திருப்பீர்கள். 2020இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அவை இடிக்கப்பட்டுவிட்டன. அக்கரையில் தங்க விரும்பினால் ஆனேகுந்தி, சணாபூர் பக்கம் பாருங்கள்.

ஹம்பி: இரண்டரை நாள்

வந்து சேரும் மாலை ஹேமகூடக் குன்று. அறையிலிருந்து பத்து நிமிடம், கட்டணமில்லை. விஜயநகரத்துக்கு முந்திய சிறிய கோயில்கள் பாறைமேல் சிதறிக்கிடக்கின்றன. கீழே விருபாட்சர் கோபுரம். 1336 முதல் 1565 வரை ஒரு பேரரசின் தலைநகராக இருந்த ஊர் முழுவதும் இங்கிருந்து ஓரளவு பிடிபடும்.

மறுநாள்தான் டிக்கெட் நாள். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. ஹம்பியின் ₹40 டிக்கெட் விட்டலர் கோயில், தாமரை மகாலும் யானைக் கொட்டிலும் உள்ள அந்தப்புர வளாகம், கமலாபுரா அருங்காட்சியகம் மூன்றுக்கும் செல்லும். ஆனால் அன்று ஒரு நாள் மட்டும். எனவே இம்மூன்றையும் ஒரே நாளில் முடியுங்கள், அருங்காட்சியகம் திறக்காத வெள்ளியாக அந்த நாள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் கடைவீதியின் கிழக்குக் கோடியிலிருந்து ஆற்றங்கரைப் பாதையில் நடந்தால் சுமார் இரண்டு கிலோமீட்டரில் விட்டலர் கோயில். வழியில் கோதண்டராமர் கோயில், சற்று உள்ளே அச்யுதராயர் கோயில், அரசர்கள் எடைக்கு எடை தானம் கொடுத்த துலாபாரக் கல்வாசல். சாலை வழியாக வந்தால் இவை எதுவும் கண்ணில் படாது. விட்டலர் கோயிலில் ஐம்பது ரூபாய் நோட்டில் நாம் பார்க்கும் கல்தேர் நிற்கிறது. இசைத் தூண்களைத் தட்டிப் பார்க்கவேண்டாம். ஆளாளுக்குத் தட்டித் தேய்ந்ததால்தான் அதற்குத் தடை போட்டார்கள். திரும்பும்போது பேட்டரி வண்டியில் வாகன நிறுத்தத்துக்கு வந்து, அங்கே ஆட்டோ பிடித்து அந்தப்புர வளாகம், பிறகு அருங்காட்சியகம். ஒரு பக்கம் நடந்துவிட்டதால் ஆட்டோவை நாள் முழுக்கப் பேசத் தேவையில்லை.

அதற்கு அடுத்த நாள் சைக்கிள். கடலைக்கல் கணபதி, கிருஷ்ணர் கோயில், 6.7 மீட்டர் உயர ஒற்றைக்கல் நரசிம்மர், ஹசாரராமர் கோயில், மகாநவமி மேடை, படிக்குளம், அரசி குளியலறை. எல்லாம் இலவசம். மகாநவமி மேடைமேல் ஏறி நில்லுங்கள். கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1520 வாக்கில் வந்த போர்ச்சுகீசியர் தோமிங்கோ பாயஸ் நவராத்திரிக் கொண்டாட்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறார். யானைகளும் மல்லர்களும் நடனப் பெண்களும் வந்துபோனது இந்த மேடையைச் சுற்றித்தான். பக்கத்துப் படிக்குளத்தின் கற்களில் எந்தக் கல் எந்த இடத்துக்கு என்று கொத்தர்கள் போட்ட அடையாளங்கள் இன்னும் இருக்கின்றன, தேடிப் பாருங்கள். ஏற்ற இறக்கம் அதிகம் என்பதால் கால்வலி உள்ளவர்கள் சைக்கிளுக்குப் பதில் அரை நாள் ஆட்டோ எடுப்பது மேல்.

நேரமிருந்தால் தளவாரகட்டா துறையில் ஆற்றைக் கடந்து ஆனேகுந்தி போகலாம். அனுமன் பிறந்ததாக மக்கள் நம்பும் அஞ்சனாத்ரிக்கு 575 படிகள். சூரிய உதயத்துக்கு மாதங்க மலை ஏறுகிறவர்கள் தனியாகப் போகாதீர்கள், டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். துங்கபத்ராவில் எங்கும் இறங்கிக் குளிக்கவேண்டாம், பாறைகளுக்கடியில் இழுப்பு அதிகம். கோயில்களில் செருப்பைக் கழற்றவேண்டும், பகல் கல் சுட்டுவிடும். ஒரு ஜோடி சாக்ஸ் பையில் இருக்கட்டும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு

இலங்கையிலிருந்து வருகிறவர்கள் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். சார்க் நாட்டினருக்கு இந்தியர்களுக்குரிய கட்டணமேதான். மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஹம்பிக்கும் பட்டடக்கல்லுக்கும் ₹600, பாதாமிக்கும் ஐஹொளேக்கும் ₹300. அதனால் அவர்களுக்கு ஹம்பி டிக்கெட்டை ஒரே நாளில் முழுதாகப் பயன்படுத்துவது இன்னும் முக்கியம்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால்

அதை ஹம்பியில் சேர்க்காமல் பயணத்தின் தொடக்கத்தில் சேருங்கள். கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸில் பாதாமியில் இறங்காமல் விஜயபுராவரை (பழைய பிஜாப்பூர்) போய்விடுங்கள். 1565 போரில் விஜயநகரத்தை வீழ்த்திய சுல்தான்களில் ஒருவர் இந்த ஊரிலிருந்து ஆண்டவர். ரயிலுக்குப் பெயர் கொடுத்த கோல்கும்பஸ், 1656இல் முடிந்த முகமது அடில் ஷாவின் சமாதி. மேல்மாடத்தில் ஒரு பக்கம் மெதுவாகப் பேசினால் எதிர்ப்பக்கம் கேட்கும். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் வருவதற்கு முன் காலையிலேயே ஏறிவிடுங்கள். பிறகு இப்ராகிம் ரோஜா என்ற சமாதியையும் பார்த்துவிட்டு, மாலை ரயிலிலோ பஸ்ஸிலோ பாதாமிக்குத் திரும்பி அறை எடுத்தால், மேலே சொன்ன திட்டத்தை மறுநாள் காலை கோட்டையிலிருந்து அப்படியே தொடங்கலாம்.